அந்நிய மொழியில் பேசுகிறார்

நிமிடத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு.
பழைய பிரிட்டிஷ் தொடர், கறுப்பு வெள்ளை, பதின்மூன்று பாகம்.
கணபதியில் மூன்றாம் மாடி, கீழே லேத் பட்டறை.
ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு
பிரபுக்களையும் அவர்கள் மனைவிகளையும்
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்துக்குள்
தமிழில் அடைப்பது என் பிழைப்பு.

நான்காம் பாகம், இருபத்தோராம் நிமிடம்.
கர்னலின் வரவேற்பறை.
தலைப்பாகை வைத்த பணியாள் தேநீர்த் தட்டோடு வருகிறான்.
இந்தப் பாகத்தில் அவன் பெயர் அப்துல்,
போன பாகத்தில் ராம் சிங்.
தட்டு சரிகிறது. கொதிநீர் கைமேல்.
சுவர்ப்பக்கம் திரும்பி, பல்லுக்குள்,
"அட கெரகமே" என்கிறான்.

நிறுத்தினேன். பின்னால் இழுத்தேன்.
அட கெரகமே.
இன்னொரு தரம்.
கொஞ்சம் லேத்தை நிறுத்துங்கப்பா என்று
ஜன்னல் வழியே கத்தினேன்.
அவர்களும் மேலே பார்த்து அதையேதான் சொன்னார்கள்.

பெயர்ப் பட்டியலின் அடியில் டெஸ்மண்ட் பிரே.
அந்தப் பிரேயைப் பிடித்து இழுத்தால்
போத்தனூர் மாதாகோயில் பதிவேட்டில்
பிரகான்ஸா என்று முழுதாக வருகிறது.
தகப்பன் என்ஜின் டிரைவர். பிறந்தது ரயில்வே காலனி.
ஒன்றுவிட்ட தங்கை டொரீன் அதே தெருவில் இருக்கிறார்.
நடிகரா? இருக்கலாம்.
எங்கப்பாவுக்கு அறுபது ரூவா தரோணும், என்றார்,
ஐம்பத்து நாலில் கப்பலேறும்போது வாங்கினது.
கதவைச் சாத்தும் முன் இன்னொன்றும் சொன்னார்:

சிங்காநல்லூர்ப் பக்கம் ஸ்டுடியோவில் மூன்று படம்,
மூன்றிலும் அவர் ஜில்லா கலெக்டர்.
இருக்கிற வெள்ளை போதாதென்று
முகத்துக்கு ரோஸ் பவுடர்.
"ஏனுங்க, கிஸ்தி கட்டறீங்களா இல்லீங்களா"
என்று ஒத்திகையில் மிரட்டினாராம்.
பூட்டு மாட்டிய கைதி உட்பட செட்டே சிரித்ததாம்.
வெள்ளைக்காரன் மாதிரிப் பேசுய்யா, என்றார் டைரக்டர்.
நல்ல தமிழை முழங்காலில் வைத்து முறித்துக் கொடுத்தார்.
படத்துக்கு முப்பது ரூபாய்.

மீதியை நானே தேடினேன்.
மழை பெய்யும் சின்ன ஊர்களில் வாரம் ஒரு நாடகம்,
ஞாயிறு ரயிலில் அடுத்த ஊர், அடுத்த வசனம்.
ரயில் அவருக்குப் பழகினது.
அங்கே பூசினது பழுப்பு.
பாடம் வாங்கிப் படித்த ஆங்கிலத்தைக்
கொஞ்சம் கெடுத்துப் பேசச் சொன்னார்கள்,
முறிக்கத்தான் தெரியுமே.
மலாய்க்காரர், எகிப்து வியாபாரி,
இரண்டு மகாராஜா, ஒன்பது டாக்டர்,
வேலைக்காரர்களை நான் எண்ணவில்லை.
ஒரு துப்பறியும் படத்தில் பிணம்.
பிணத்துக்கு மட்டும் யாரும் உச்சரிப்பு திருத்தவில்லை.

எழுபத்தொன்றில் கதாநாயகருக்குக் காய்ச்சல்.
இரண்டு இரவு பிரகான்ஸா அரசனாக நின்றார்,
பூச்சில்லாமல்; பூச நேரமில்லை.
உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது:
மாற்று நடிகர் பரவாயில்லை,
குரல்தான் எந்த ஊர் என்று பிடிபடவில்லை.

எனக்குப் பிடிபடுகிறது.
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்றில்
உலர்ந்த தொண்டை அது.
எழுதித் தந்த வசனங்களில் எங்கேயும் இல்லாமல்
கை சுட்ட அந்த ஒன்றே கால் விநாடியில் மட்டும்
அவர் யார் மாதிரியும் பேசவில்லை.

கம்பெனி விதி, பிரிவு ஏழு:
கதையின் மொழி அல்லாத பேச்சு வந்தால்
'அந்நிய மொழியில் பேசுகிறார்' என்று இடவும்.
தட்டினேன். எழுத்தும் அளவுக்குள் வந்தது.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பட்டறை மூடிவிட்டார்கள்.
அழித்தேன்.
தமிழுக்குக் கீழே தமிழ் எதற்கு?
திரையின் அடியை வெறுமையாக விட்டு அனுப்பினேன்.

தரச்சோதனையில் திரும்பி வந்தது:
ஒரு வரி விடுபட்டுள்ளது. பிடித்தம் பதினெட்டு ரூபாய்.

சரி. அறுபதில் பதினெட்டு போக
டெஸ்மண்ட் பிரகான்ஸா கணக்கில்
இன்னும் நாற்பத்திரண்டு நிற்கிறது.